எட்டு ரூமுக்கு இரண்டு விலை

நெருப்பெரிச்சலில் எனக்கு ஒரு லைன் வீடு இருக்கிறது. எதிரெதிராக நான்கு நான்காக எட்டு ரூம், நடுவில் ஒரு ஸ்கூட்டர் போகிற அளவுக்குச் சந்து, கோடியில் எல்லோருக்கும் பொதுவாகக் குளியலறையும் கக்கூஸும். எட்டிலும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள்தான் குடியிருக்கிறார்கள். நிலம் அப்பா வாங்கிப் போட்டது. அம்மா முன்பே போய்விட்டாள், அப்பாவும் உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். கடன் வாங்கிக் கட்ட வேண்டுமென்றால் நிலம் என் ஒருவன் பேரில் இருக்க வேண்டும் என்று பேங்கில் சொன்னார்கள். தங்கை தாராபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, பதிவு அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். தன் பாதிப் பங்கை மனமொப்பி அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதிய பத்திரம். எங்கள் பக்கம் இது நடப்புதான். கூடப் பிறந்தவள் கையெழுத்துப் போடுவாள், கூடப் பிறந்தவன் பட்டுச்சேலை எடுத்துக் கொடுப்பான். நானும் எடுத்துக் கொடுத்தேன். மதியம் ஹோட்டலில் சாப்பாடும் வாங்கிக் கொடுத்தேன். அதன் பிறகு பதினோரு வருடம் அதைப்பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நடுவில் அவள் கணவர் இறந்துபோனார். ஒரு தனியார் பள்ளி ஆபீஸில் வேலைக்குப் போய்க்கொண்டு, ஒரே மகளைக் காலேஜில் படிக்க வைத்துக்கொண்டு, வாடகை வீட்டில் இருந்தாள். ஒரு நாள் போன் செய்தாள்.

“அண்ணா, ஊட்டு ஓனரு இந்த ஊட்டை விக்கறாருங்களாமா. மொதல்ல என்னையத்தான் கேக்கறாரு. வளையலைப் போட்டு அட்வான்ஸ் குடுத்துட்டேனுங்க. மூணு மாசம் டைம்.”

“மிச்சத்துக்கு என்ன பண்ணப் போற?”

“ஸ்கூல்ல லோன் கேட்டிருக்கறேனுங்க. பாக்கலாங்கண்ணா.”

பள்ளிக்கூடத்து லோனில் ஒரு கழிவறை கட்டலாம், வீடு வாங்க முடியாது. அது அவளுக்கும் தெரியும். என்னிடம் பணம் கேட்கவும் இல்லை. நானாகத்தான், “நீ கவலைப்படாத அம்மிணி, நான் பாத்துக்கறேன்” என்று சொன்னேன். போனை வைத்த பிறகு மனசு நன்றாக இருந்தது. கொடுப்பதாகச் சொல்லும்போது வருகிற சந்தோஷம் அது. கொடுக்கும்போது வருவதில்லை.

கையில் பணம் இல்லை. லைன் வீட்டின் மேல் பழைய கடன் பாதி நின்றது. வேறொரு பேங்க் அந்தக் கடனை எடுத்துக்கொண்டு, மேற்கொண்டு பணமும் கொடுக்கும் என்றார்கள். டாப்-அப் என்று பெயர். கணக்கு சுலபம். பேங்க் ஒரு இன்ஜினியரை அனுப்பும். அவர் சொத்தைப் பார்த்து ஒரு மதிப்புப் போடுவார். அந்த மதிப்பில் ஒரு பங்கைத்தான் பேங்க் கடனாகக் கொடுக்கும். அதில் பழைய பாக்கியைக் கழித்தது போக மிச்சம் என்னவோ, அதுதான் நம் கைக்கு வரும். இதில் நான் தாமதமாகப் புரிந்துகொண்ட ஒன்று உண்டு. இன்ஜினியர் மதிப்பைக் கொஞ்சம் குறைத்தாலும் பழைய பாக்கி ஒரு ரூபாய் குறையாது. குறைகிற அத்தனையும் மிச்சத்தின் தலையில்தான் விழும். மதிப்பு கால்வாசி இறங்கினால் கைக்கு வருவது கால்வாசி இறங்காது, காணாமலே போய்விடும். தங்கையின் வீடு அந்த மிச்சத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று மாதத்துக்குள் பணம் கட்டாவிட்டால் வீடும் போகும், வளையல் விற்ற அட்வான்ஸும் போகும்.

இனி என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் நான் ஹெச்.ஆர். பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டரைச் சமாளித்து வழியனுப்புவதுதான் பாதி உத்தியோகம். இவர் வரவு செலவு பார்க்கிற ஆடிட்டர் இல்லை. தொழிலாளிகளை ஒழுங்காக நடத்துகிறோமா என்று தொழிலாளிகளையே தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிற ஆடிட்டர். அவர் வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நான் தையல் மிஷின் வரிசை வரிசையாக நின்று பாடம் நடத்துவேன். எத்தனை மணி நேரம் வேலை? எட்டு மணி நேரம். ஓவர்டைம்? விருப்பப்பட்டால் மட்டும், யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. தங்குவது எங்கே? கம்பெனி ரூம். வாடகை? கிடையாது, சம்பளத்தில் பிடிப்பதில்லை. ரூமில் எத்தனை பேர்? மூன்று பேர், ஆளுக்கு ஒரு கட்டில். தண்ணீர்? இருபத்து நான்கு மணி நேரமும். உண்மையில் எல்லோரும் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர்கள், கம்பெனி ரூம் என்று ஒன்று கிடையாது. நான் சொல்லிக் கொடுத்ததை அவர்கள் அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் பத்தாவது தாண்டாதவர்கள் என் பாடத்தில் ஒரு தடவைகூட பெயிலானதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஆடிட் நாளில் இன்னொரு வேலையும் உண்டு. கம்பெனிப் பதிவேட்டில் பெயரில்லாத ஆட்களை அன்றைக்கு வரவேண்டாம் என்று வீட்டிலேயே நிறுத்திவிடுவோம். அப்படி நின்றவர்களில் பாதிப் பேர் என் லைன் வீட்டில் குடியிருந்தவர்கள், பாடத்தை மட்டும் அவர்களும் சேர்ந்து கேட்டிருந்தார்கள்.

பேங்க் இன்ஜினியர் அதே நாளில் வந்தார்.

காலை பதினொன்றுக்கு அவர் போன் செய்தபோது நான் ஆடிட்டருக்குப் பக்கத்தில் தீயணைப்பான்களை எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தேன். “ஆளுங்க இருக்காங்க சார், நீங்க பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்துவிட்டேன். கட்டிடம் எங்கே ஓடிவிடப் போகிறது, டேப் பிடித்து அளக்க நான் எதற்கு என்று நினைத்தேன்.

சாயங்காலம் லைன் வீட்டுக்குப் போனால், ஐந்தாம் நம்பர் ரூம் அக்கா வாசலிலேயே காத்திருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், எங்கள் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங் வேலை. முகமெல்லாம் சிரிப்பு.

“சார், ஆடிட்டு ஆபீசர் இங்கனயும் வந்துட்டாவ! அட்டையும் கையுமா வந்து ஒவ்வொரு ரூமா எட்டிப் பாத்தாவ. நான் பதறவே இல்லலா. நீங்க சொல்லித் தந்தாப்புல ஒண்ணு விடாம சொல்லிட்டேன்.”

“என்னக்கா சொன்னீங்க?”

“வாடகை எவ்வளவுன்னு கேட்டாவ. வாடகையே கிடையாது, கம்பெனி ரூமுன்னுட்டேன். எத்தனை பேரு தங்குதீங்கன்னாவ. மூணு பேரு, ஆளுக்கொரு கட்டில்னேன். கட்டிலு எங்கன்னு கேட்டாவ. பெயிண்ட் அடிக்கக் கொண்டு போயிருக்குன்னு சொல்லிட்டேன். அது நானா சொன்னது சார்.”

எதிர் ரூம் ஒடிசா பையன்களும் விட்டுவைக்கவில்லை. தமிழில் அவர்களுக்குத் தெரிந்த வாக்கியங்கள் நான்குதான், நான்கும் நான் கற்றுக் கொடுத்தவை. இன்ஜினியர் சுவரைத் தட்டிப் பார்த்தபோது, “யாரும் கட்டாயப்படுத்தலை சார்” என்று சொல்லியிருக்கிறார்கள்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இதற்கு நான் சம்பளம் வேறு வாங்கியிருந்தேன். அக்காவைத் திட்ட வாய் வரவில்லை. நன்றாகச் சொன்னீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பத்து நாளில் பேங்க் மேனேஜர் கூப்பிட்டார். நல்ல மனிதர், எங்கள் பக்கத்துக்காரர்தான், கெட்ட செய்தியைக்கூட மரியாதையாகச் சொல்லக்கூடியவர். ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். தொழிலாளர் தங்கும் விடுதி. உரிமையாளருக்கு வாடகை வருமானம் இல்லை. நெரிசலான குடியிருப்பு. அதற்குக் கீழே மதிப்பு.

“வாடகை வர்ற ஊடுன்னா ஒரு கணக்குங்க. லேபர் தங்கற எடம்னா எங்களுக்கு அது வேற கணக்கு. மதிப்புலயும் குறைப்பாங்க, குடுக்கற பங்குலயும் குறைப்பாங்க. பழைய பாக்கி போக உங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாதுங்களே.”

“ஏனுங்க, அதெல்லாம் வாடகைக்கு விட்ட ஊடுதானுங்க. மாசாமாசம் நானே போய் வாங்கறேன்.”

“நீங்க சொல்றீங்க. குடியிருக்கறவங்களே வாடகை இல்லைன்னு சொல்லியிருக்காங்களேங்க. அவங்களுக்குப் பொய் சொல்லி என்னங்க ஆகப்போகுது?”

அதற்குப் பதில் இருந்தது. வெளியே சொல்கிற மாதிரி இல்லை. சொன்னால் வீட்டோடு வேலையும் போகும். வந்தவரை வரி ஆபீஸ் ஆள் என்று பயந்து, குடியிருப்பவர்கள் மாற்றிச் சொல்லிவிட்டார்கள் என்று ஒரு புதுப்பொய் சொன்னேன். அவர் நம்பினாரோ இல்லையோ, இரக்கப்பட்டார். வாடகை ஒப்பந்தம் எழுதி எடுத்து வாருங்கள், வேறு இன்ஜினியரை அனுப்புகிறேன், பீஸ் மறுபடியும் கட்ட வேண்டும் என்றார். மூன்று மாதத்தில் ஐந்து வாரம் போயிருந்தது. அன்றைக்குத் தங்கைக்குப் போன் செய்து, இன்ஜினியர் தப்பாக எழுதிவிட்டார், இரண்டு தடவை பீஸ் கட்ட வேண்டியிருக்கிறது, தண்டச் செலவு என்று புலம்பினேன். அவள் அத்தனையும் கேட்டுக்கொண்டு, “என்னால உங்களுக்குச் செரமங்கண்ணா” என்றாள். இல்லை என்று நான் சொல்லவில்லை. அவள் அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எட்டு ரூம்காரர்களையும் சந்தில் உட்கார வைத்தேன். வாடகை ஒப்பந்தத் தாளில் கையெழுத்து வாங்கினேன். பிறகு, அடுத்த வாரம் இன்னொருவர் வருவார், அவர் என்ன கேட்டாலும் உண்மையைச் சொல்லுங்கள் என்றேன்.

ஐந்தாம் நம்பர் அக்கா தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார்.

“எந்த உண்மை சார்? கம்பெனி உண்மையா, வீட்டு உண்மையா?”

“இருக்கறது இருக்கற மாதிரி, அக்கா.”

“அதுக்கு ஒரு தடவ சொல்லிக் காமிச்சிருங்க. நாங்க பாட்டுக்கு எதையாவது சொல்லி, பொறவு தப்பாயிரக் கூடாதுல்லா.”

ஆறேழு வருடமாக அவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். சொல்லிக் கொடுக்காமல் வாயில் வரட்டும் என்று சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. அவர்களுக்கு அது பரீட்சையைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒருவர் வாடகையைக் குறைத்துச் சொல்லவா, கூட்டிச் சொல்லவா என்று கேட்டார். கொடுப்பதைச் சொல்லுங்கள் என்றேன். எதிர் ரூம் பையன்கள், யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதை இந்தத் தடவையும் சொல்ல வேண்டுமா என்று சந்தேகம் கேட்டார்கள்.

இரண்டாவது இன்ஜினியர் வயதானவர், நிதானமானவர். நான் லீவு போட்டுக்கொண்டு கூடவே நின்றேன். முதல் ரூமில் தயங்கி ஆரம்பித்தார்கள். மூன்றாவது ரூமுக்குள் மடை திறந்துவிட்டது. வாடகை இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு. போன வருடம் சார் இரண்டு தடவை ஏற்றினார். நல்ல தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவை. மழை பெய்தால் நான்காம் நம்பரில் குண்டான் வைக்க வேண்டும். பெயிண்ட் அடிக்கிறேன் அடிக்கிறேன் என்று மூன்று பொங்கல் போய்விட்டது. நான் அங்கேயே நிற்கிறேன் என்பதுகூட அவர்களுக்குப் பொருட்டாக இல்லை. உண்மையைச் சொல்லச் சொன்னவன் நான்தானே. அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. ஒன்றும் பொய்யில்லை என்பதால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கடைசியில் அவர் அனுமதி வாங்கிய பிளானைக் கேட்டார். விரித்துப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றினார். பிளானில் இருந்தது நான்கு ரூம். எதிர் வரிசை நான்கும் பிறகு நானாகக் கட்டியது.

“பிளான்ல இல்லாத கட்டடத்துக்கு நான் மதிப்புப் போட முடியாதுங்க. இந்த வரிசை எனக்கு இல்லாத மாதிரிதான்.”

ஐந்தாம் நம்பர் அந்த வரிசையில்தான் இருந்தது. அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “அப்ப இல்லாத ரூமுக்கு நான் எதுக்கு வாடகை தரணும் சார்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், இன்ஜினியர் உட்பட. நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள், தாராபுரத்து வீடு போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

போகவில்லை. நிலம்தான் காப்பாற்றியது. எங்கள் தெருவில் இரண்டு புதுக் கம்பெனிகள் வந்து, சென்ட் விலை நான் கனவிலும் நினைக்காத இடத்துக்குப் போயிருந்தது, முதல் இன்ஜினியர் பழைய விலையையே போட்டிருந்தார். நான்கு ரூமைக் கழித்த பிறகும், ஒழுகலுக்கும் பெயிண்டுக்கும் குறைத்த பிறகும், முதல் ரிப்போர்ட்டைவிட மதிப்பு மிகவும் உயர்ந்து வந்தது. பழைய பாக்கியை அடைத்து, தங்கைக்குச் சொன்ன தொகை சரியாகத் தேறியது. அதற்குமேல் பெரிதாக ஒன்றும் இல்லை. கெடுவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

பேங்க் வக்கீல் ஒரு நிபந்தனை போட்டார். பழைய விடுதலைப் பத்திரம் இருப்பதால், தனக்கு இந்தச் சொத்தில் பாத்தியம் எதுவும் இல்லை என்று தங்கை நேரில் வந்து ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் பள்ளிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். அந்தக் கடிதத்தை ரிப்போர்ட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மேனேஜர் கட்டை அப்படியே அவள் கையில் கொடுத்து, படித்துப் பார்த்துப் போடுங்கள் என்றார். ஆபீஸ் வேலை பார்க்கிறவள், எதையும் முதல் பக்கத்திலிருந்து படிப்பாள். நான் எதிரில் உட்கார்ந்து அவள் பக்கங்களைத் திருப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கத்தில் விரல் நின்றது.

“அண்ணா, இதுங்களா வெலை?”

“ஆமா. பேங்க் போடறது. வெளிய இன்னும் கூடப் போகும்.”

எதற்கு அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. சொத்தின் பெருமை பேசுவது வாய்ப்பழக்கமாகிவிட்டது. அவள் அந்தத் தொகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டால் வகுப்பது பெரிய கணக்கு இல்லை. நானும் அதற்கு முன்பு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. அந்த மேஜையில் அவள் எதிரில் உட்கார்ந்துகொண்டுதான் போட்டேன். அவளுக்கு நான் கொடுக்கப்போவது, நிலத்தில் மட்டும் அவளுக்கு வரவேண்டிய பாதியில் பாதிகூடத் தேறாது. ஊரெல்லாம் தங்கச்சிக்கு வீடு வாங்கிக் கொடுக்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அவள் பேனாவை வாங்கி, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் தாராபுரம் பதிவு அலுவலகத்தில் வீடு அவள் பேருக்கு வந்தது. பேங்க் டிராப்டை நான் கொண்டுபோய் விற்பவர் கையில் கொடுத்தேன். எல்லாம் முடிந்து வெளியே வந்து, மகளை ஜூஸ் வாங்க அனுப்பிவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். புரோநோட்டு. ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்துப் போட்டிருந்தாள். கடன் கொடுத்தவர் என்ற இடத்தில் என் பேர். தொகை எழுதும் இடம் காலியாக இருந்தது.

“எவ்வளவு போடறதுன்னு எனக்குத் தெரியலைங்கண்ணா. இன்ஜினியர் பீஸு ரெண்டு தடவை, பேங்க் செலவு எல்லாம் ஆச்சுல்லங்க. சேத்து நீங்களே போட்டுக்கங்க.”

அவள் முகத்தைப் பார்த்தேன். குத்திக்காட்டுகிறாளா என்று தேடினேன். ஒன்றும் இல்லை, வீடு வாங்கிய சந்தோஷம்தான் இருந்தது. குத்திக்காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், கோபித்துக்கொண்டு கிழித்துப் போட்டிருப்பேன். இது கடன் இல்லை அம்மிணி, உன்னோடது என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். பேங்க் தவணை ஞாபகம் வந்தது. மகள் ஜூஸோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, இருந்தும் வைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி, பள்ளியில் சம்பளம் போட்ட அன்றைக்கே, அவளிடமிருந்து என் கணக்குக்குப் பணம் வந்துவிடுகிறது. வாடகையாகக் கொடுத்துக்கொண்டிருந்த தொகையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே போடுகிறாள். இனி அனுப்ப வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் போதும். இரண்டு மூன்று தடவை எழுதி அழித்திருக்கிறேன். இந்த மாதமும், “அனுப்பிட்டேங்கண்ணா, பாத்துக்கங்க” என்று போனில் செய்தி வந்தது. “வந்துருச்சு அம்மிணி” என்று பதில் போட்டேன்.